பிரிஸ்கில்லா சிஸ்டர் மேல் ஒரு புகார்

"சிஸ்டரு! ஏ சிஸ்டரு! எத்தினி வாட்டி கூப்புடறது? காது கேக்கலையா?"

வார்டின் கோடியிலிருந்து சடையப்பன் கத்தினார். அவர் மனைவி எல்லம்மாளுக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் மேலேறத் தொடங்கியிருந்தது. மருந்து மேசையருகே நின்ற நர்ஸ் பிரிஸ்கில்லா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசலில் நின்ற விசாரணை அதிகாரி புருஷோத்தமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. பையிலிருந்த மொட்டைக் கடுதாசி அட்சரம் பிசகாமல் உண்மைதான் என்று தோன்றியது.

உத்திரமேரூரிலிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, அந்தச் சின்ன அரசு மருத்துவமனைக்கு அவர் வந்ததே அந்தக் கடுதாசிக்காகத்தான். 'பிரிஸ்கில்லா நர்ஸ் கூப்பிட்டால் வருவதில்லை. மூன்றாம் பெட்டில் 10.40-க்கு முடிந்த பாட்டிலை 11.05-க்குக் கழற்றினார். ஒன்பதாம் பெட்டுக்கு இரண்டு மணிக்குப் போட வேண்டிய ஊசியை 3.20-க்குப் போட்டார்' என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. கீழே பெயர் இல்லை. எழுதினவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்திருப்பான் போல.

திங்கட்கிழமை வந்த கடுதாசிக்கு வியாழக்கிழமையே அவரைத் துரத்திவிட்டிருந்தார்கள். அவர் ஆபீஸில் காலியாகக் கிடந்த இரண்டு பேர் வேலையும் அவர் தலையில்தான். சட்டென்று ஒரு மெமோ கொடுத்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

"உங்க மேல புகார் வந்திருக்கும்மா."

"ஒரு நிமிஷம் சார்." அவள் ஊசிக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கைக்குழந்தைக்குப் போடறது. அளவு ஒரு கோடு தப்புனா உசிருக்கே ஆபத்து."

குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக எல்லம்மாளிடம் போனாள். பாட்டிலை மாற்றினாள்.

"இன்னா சிஸ்டரு, ரத்தம் ஏறிக்கினு கீது, நீ பாட்டுக்கு அங்க நின்னுக்கினு கீற?" என்றார் சடையப்பன்.

"தப்புதான் நைனா. கோச்சுக்காத."

புருஷோத்தமன் விடவில்லை. "மத்த நர்ஸுங்க எல்லாம் எங்கம்மா?"

"கனகா பிரசவ லீவுல போயிக்கிறா சார். இன்னொருத்தர வேற ஊருக்கு மாத்தி உட்டுட்டாங்க. ரெண்டு வார்டு, முப்பது பெட்டுக்கும் நான் ஒருத்திதான். நேத்து காலைல வந்தவ, இன்னும் வூட்டுக்குப் போவல."

"மேல எழுதிக் கேக்க வேண்டியதுதானே?"

"ஆள் கேட்டு நாலு லெட்டர் போட்டேன் சார். ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வரப்பில் பாம்பு கடித்துவிட்டதென்று ஏகாம்பரம் என்ற விவசாயியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவருக்கு இமைகள் தானாகவே மூடிக்கொண்டிருந்தன.

டாக்டர் ஓடி வந்து பார்த்து, விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றச் சொன்னார். பிரிஸ்கில்லா நரம்பைத் தேடி ஊசியைச் செருகினாள். பாட்டிலை மாட்ட ஸ்டாண்டு ஒன்றுகூட மிச்சமில்லை.

"சார், இதப் புடிங்க." பாட்டிலைப் புருஷோத்தமன் கையில் திணித்தாள். "நல்லா ஒசத்திப் புடிங்க. எறக்கிடாதீங்க!"

அவர் பிடித்துக்கொண்டு நின்றார். கை கடுத்தது. நாலு பக்கத்திலிருந்தும் 'சிஸ்டர்', 'சிஸ்டர்' என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன. யார் உயிர் அதிகம் ஊசலாடுகிறதோ அவரிடம் அவள் முதலில் போனாள். மற்றவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் அரை மணியில் புருஷோத்தமன் இரண்டு முறை கை மாற்றினார். முக்கால் மணிக்கு மேல் ஆனபோது அவருக்கு மெமோ ஞாபகமே இல்லை.

ஏகாம்பரம் மெல்லக் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றார். டாக்டர் பெருமூச்சு விட்டார். "கண்டம் தாண்டிட்டாரு. இன்னும் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தா கஷ்டம்."

பாட்டில் தீர்ந்ததும் புருஷோத்தமன் மரத்துப்போன தோளைத் தேய்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ரிப்போர்ட்டை எடுத்து, 'புகாரில் உண்மை இல்லை' என்று எழுதத் தொடங்கினார்.

"அப்டி எழுதாதீங்க சார்." பிரிஸ்கில்லா முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே அருகில் வந்து நின்றாள். "அதுல கீறது ஒண்ணுகூட பொய்யில்ல. பாட்டில லேட்டாத்தான் மாத்துனேன். ஊசிய லேட்டாத்தான் போட்டேன்."

"உண்மைன்னு எழுதினா உங்க வேலைக்கே உலை வெச்சிடுவாங்கம்மா. நீங்க ஒருத்தியா முப்பது பேரைப் பாத்ததையும் நான் எழுதணும்."

"அதையும் எழுதுங்க சார். ரெண்டையும் எழுதுங்க."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை. "ராப்பகலா நிக்கிற பொம்பள மேல மொட்டைக் கடுதாசி போட எவனுக்கும்மா மனசு வந்துது? யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. அவனை நான் ஒரு கை பாக்கறேன்!"

பிரிஸ்கில்லா அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தாள். பிறகு நின்று, அவர் பக்கம் திரும்பினாள்.

"நாந்தான் சார் போட்டேன்."