பல்லி ராணியின் முகம்

“பழைய தொடர்ல வேற கிரகத்து ஆளுன்னா ஒரு பல்லி மூஞ்சியை ஒட்டிவிட்டாங்க. நாமளும் மூணு மாசமா அதையே ஒட்டிட்டிருந்தா, புதுசா எடுக்கறதுக்கு என்ன அர்த்தம்?” என்றார் இயக்குநர். “இன்னியிலேருந்து செதில் வேண்டாம். கண்ணை மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம்.”

பல்லி இனத்து ராணியாக நடிப்பவள் மட்டும் தலையாட்டவில்லை.

“இன்னும் ஒரு மாசம் இந்த மூஞ்சியே இருக்கட்டுமே சார்.”

“எல்லா நடிகையும் முகம் தெரியலைன்னு சண்டைக்கு வருவாங்க. நீங்க தெரியக்கூடாதுன்னு வர்றீங்க!”

“ஒரேயடியா வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாமே?”

“எடுத்துட்டு? ராணிக்குத் தோல் உரியுதுன்னு கதையில சொல்லவா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

மேக்கப்காரர் ரப்பர் முகத்தை உரித்து மேஜையில் வைத்தார். “மூணு மாசமா லீவே இல்லாம, விடியறதுக்கு முன்னாடி வந்து நாலு மணி நேரம் உட்கார்ந்தே. விட்டுது தொல்லைன்னு சந்தோஷப்படும்மா.”

“ஆமாண்ணே” என்றாள், கடிகாரத்தைப் பார்த்தபடி.

மதிய இடைவேளையில் வழக்கம்போல் அவள் கணவன் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அது விழிக்கும் முன் கிளம்பி, தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவள் அவள். பால் கொடுப்பது இந்த ஒரு வேளைதான்.

“வாடா கண்ணு” என்று கைநீட்டினாள்.

குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. வீறிட்டு அழுதபடி அப்பாவின் தோளில் முகம் புதைத்தது. அவன் அதன் முதுகில் தட்டிக்கொண்டே திரும்பி நின்றான். மேஜையில் கிடந்த பல்லி முகத்தைப் பார்த்ததும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி அதனிடம் தாவியது.