கால் நீட்ட ஒரு வண்டி

“வாயைத் தொறந்து நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க” என்றாள் கீர்த்தி, வண்டிக்காரர் முன்னாலேயே, தமிழில்.

தினேஷ் உடனே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டான்.

கட்கி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு வேப்பமரத்தடியில் நின்றது அந்த நீளமான எஸ்டேட் கார். தொண்ணூற்றைந்து மாடல் டீசல். ஒன்பது வயது. பின்னால் டிக்கி என்று தனியாக எதுவும் இல்லை; கூரை கடைசிவரை ஓடி, அங்கே அகலமாக ஒரு கதவு. பார்த்ததுமே கீர்த்தி அதன் நீளத்தைக் கண்ணால் அளந்தாள்.

வண்டிக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். கக்கத்தில் மராத்திப் பேப்பர். போனிலும் இந்தி, நேரிலும் இந்தி, அதுவும் எண்ணி நாலு வார்த்தை. அவர் எதிரில் தமிழில் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன?

புனே வந்த இரண்டு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கண்டுபிடித்த பெரிய சௌகரியம் இது. காய்கறிக்காரரிடம், ஆட்டோக்காரரிடம், ஏன், ஹிஞ்சேவாடி ஆபீஸில் மேனேஜர் முன்னால்கூட இதை வைத்துத்தான் காலம் ஓடியது.

ஆனால் இன்றைக்கு வந்த காரியம் விளையாட்டில்லை. கீர்த்திக்கு இந்த வண்டி வேண்டும். அப்பாவுக்காக வேண்டும்.

கோயம்புத்தூரில் லாரி இடித்ததில், அப்பா பக்தவத்சலத்துக்கு வலது காலில் தொடையிலும் கெண்டைக்காலிலும் கம்பி. முட்டி மடங்காது. விமான் நகரில் மகள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போனால் சரியாகிவிடும், விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

போவதுதான் பாடு. ஆட்டோவிலும் சாதாரணக் காரிலும் நீட்டிய காலுக்கு இடமில்லை. ஆம்புலன்ஸ்தான். அது வந்து நின்றால் போதும், அபார்ட்மெண்டே கீழே இறங்கித் துக்க முகத்தோடு வரிசை கட்டும். உயிரோடு இருக்கும்போதே என்னை எத்தனை தடவை ஊர்வலம் விடுவாய் என்று போன வாரம் மகளைக் கேட்டார் அப்பா. கால் கட்டையாகவே கிடக்கட்டும், இனி அதில் ஏறமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு மனுஷர்.

ஆபீஸ் கேப் ஓட்டும் இஸ்மாயில் சொல்லிக் கொடுத்தபடி, கீர்த்தி முதலில் பானட்டைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்து ஏமாற்றுகிற வேலை இல்லை. சாவியைத் திருப்பியதும் இருமாமல் தும்மாமல் பிடித்துக்கொண்டது. புகையில் நீலம் இல்லை. ஆயில் மூடியைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தாள், சுத்தம்.

முன் டயர் இரண்டும் மட்டும் வழுக்கை. அதைக் கண்டதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பேரத்துக்கு ஏதாவது பிடி வேண்டாமா?

பின்சீட்டை மடக்கி, தினேஷை உள்ளே படுக்கச் சொன்னாள். வலது காலை விறைப்பாக நீட்டச் சொன்னாள். அப்பா உங்களைவிட நாலு விரல் உயரம் என்று அவன் தலைக்கு மேல் விரல் வைத்து அளந்தாள். அதற்கு மேலும் இடம் இருந்தது. பின்கதவை இறக்கினாள். சாத்திக்கொண்டது! நடுரோட்டில் கைதட்டாமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள்.

வண்டிக்காரர் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு சுற்று கூட்டிப்போனார். அவரேதான் ஓட்டினார். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்துகிற மாதிரி மெதுவாக்கி, ஏறி இறங்கினார். பெரிசு இப்படி உருட்டி உருட்டியே வண்டியைப் புதுசாக வைத்திருக்கிறது என்று கீர்த்தி பின்னால் திரும்பிச் சொல்லிச் சிரித்தாள். குலுங்கவே இல்லை, தூக்கம் வருகிறது என்றான் படுத்திருந்த தினேஷ்.

அவர் கேட்டது தொண்ணூறாயிரம். இவர்களிடம் இருந்தது எண்பது. அதையும் அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். டயரைக் காட்டி அறுபதில் ஆரம்பிக்க வேண்டும். மசியாவிட்டால் எண்பதையும் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் டீசல் போடக் காசிருக்காது, பரவாயில்லை, அப்பா கால் மடங்கினால் போதும்.

தினேஷ் உதட்டைப் பிதுக்கி, டயரை ஒரு உதை உதைத்து, உடைந்த இந்தியில் அறுபது என்றான்.

பெரிசு தாடையைச் சொறிந்தது. மரத்தை அண்ணாந்து பார்த்தது. எழுபது என்றது.

கீர்த்தி தினேஷின் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள். தங்களைப் போல் சாமர்த்தியசாலிகள் இந்த ஊரிலேயே கிடையாது என்று இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. பணம் கைமாறியது. கையெழுத்து ஆனது. நேராக வீட்டுக்குப் போய், கீழே நிறுத்தி, ஹாரன் அடித்து அப்பாவை ஜன்னலுக்கு வரவழைக்க வேண்டும். அபார்ட்மெண்டே இறங்கி வந்து பார்க்கட்டும்.

கீர்த்தி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். வண்டிக்காரர் ஜன்னலோரம் வந்து குனிந்தார்.

“மிச்ச ரூவாய்க்கு முன் டயரு ரெண்டையும் மாத்திரு தாயி. ஒங்கப்பாவுக்குக் காலு குலுங்கப்பிடாதுல்லா?”

சுத்தமான திருநெல்வேலித் தமிழ்.

கீர்த்திக்குக் கன்னம் சுட்டது, கண்ணும் நிறைந்தது. முதல் கியர் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோனது.