மீசை மெழுகு

அவருடைய மீசைதான் வீட்டுக்குள் முதலில் வரும். அவர் பின்னால் வருவார். முப்பது வருடமாக அதற்கு மெழுகு போடுகிறார்.

வீட்டுக்கு வந்த நர்ஸ் அவரிடம் கறாராகச் சொன்னாள்: "ஆக்சிஜன் பக்கத்துல மெழுகு, எண்ணெய், வாஸலின் எதுவும் கூடாதுங்க. பத்திக்கும். உதடு காய்ஞ்சா தண்ணியில கரையுற க்ரீம்தான்."

"மெழுகில்லாத மீசை இந்த மூஞ்சியில இருக்காது. போம்மா."

"பத்திக்கிட்டா?" என்றாள் மனைவி.

"மீசையோட போயிடறேன்."

"நீங்க மட்டுமா போவீங்க?" மனைவி தன் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தாள். "இனிமே என் பக்கத்துல வராதீங்க."

அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி கழித்து வந்து கட்டிலில் அவளை ஒட்டி உட்கார்ந்தார். மேலுதடு வழவழவென்றிருந்தது.

"என்னங்க இது?"

"மெழுகில்லாத மீசை இருக்காதுன்னேன். இல்லையே. நான் எவளுக்கும் பணியல. உதட்டைக் காட்டு, க்ரீம் போடணும்."