தகரத்தலையும் கருவாட்டு டப்பாவும்

“ஏண்டி, உன் பொட்டிக்கு கேஸு இன்னா, கருவாடு இன்னா, அல்லாம் ஒண்ணுதானா?”

போன வாரம் அம்மா பவுனம்மாள் மோகனப்ரியாவை இப்படிக் கேட்டாள்.

சோப்பு டப்பா அளவில் மோகனா செய்த அந்தப் பெட்டி, காற்றில் அமோனியா கலந்தால் கத்தும். எண்ணூர்ப் பக்கம் ஏதோ ஒரு குழாயிலிருந்து விட்டுவிட்டு வாயு கசிய, நகரமே நடுங்கிக்கொண்டிருந்த நாட்கள். அம்மா விற்பனைக்குக் கருவாட்டுக் கூடையைத் திறந்ததற்கும் அது கத்தித் தொலைத்தது. திருவொற்றியூரில் அவர்கள் தெருவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. திரும்பி வந்து இரண்டு நாள் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை அது கத்தியபோது யாரும் சிரிக்கவில்லை. அன்றுதான் தகரத்தலை வந்தது.

பால்மாவு டின்னை வெட்டி, சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய ஹெல்மெட் கண்ணாடியைப் பொருத்தி, எலுமிச்சைச் சாற்றில் ஊறிக் காய்ந்த கரித்தூளை அடைத்த முகமூடி. அதை மாட்டிவிட்டால் பேச முடியாது, கையைத்தான் காட்டலாம். அந்தக் கை காட்டிய வழியில் பின்னாலேயே வந்த பதினோரு பேர் பிழைத்தார்கள். யாரோ எடுத்த வீடியோவை ஊரே பார்த்தது. யாருப்பா அந்தத் தகரத்தலை என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. அது மோகனா என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

“இத்தோட வுட்டுரு,” என்று அம்மா அழுதாள். “போலீசு, டிவின்னு எல்லாரும் வூட்டாண்ட வந்து நின்னா உன் படிப்பே பூடும். உசுரும் பூடும். என் தலைமேல கைய வெச்சி சத்தியம் பண்ணு.”

மோகனா கையை வைத்தாள்.

கசிவை அடைத்துவிட்டதாக நேற்று அறிவித்தார்கள். இன்று ராயபுரத்தில் கல்லூரி திறந்தது. மோகனாவுக்கு முதல் நாள். ஞாயிறன்று முகமூடியை மாட்டுவதற்குள் இழுத்த இரண்டு மூச்சில் அவள் மூக்கு செத்துப்போயிருந்தது. பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான்.

காலையில் அம்மா சாப்பாட்டு டப்பாவைப் பையில் திணித்தாள். “இன்னிக்கு உன்ன எவளும் ஒரு வார்த்த சொல்லமாட்டா. தைரியமா போ.”

பன்னிரண்டு வருடமாக அந்த டப்பாவில் கருவாடுதான். பள்ளிக்கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் கிடைத்ததில்லை. டப்பாவுக்கு அடியில் தகரத்தலை இருந்தது அம்மாவுக்குத் தெரியாது.

மாடி வகுப்பறையில் அறுபது பேர். ஜெஸ்லின் மேடம் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது மோகனாவின் பை கத்தியது.

“எவன் போன்டா அது? ஆம்புலன்ஸ் கணக்கா கத்திகினு கீது,” என்றான் கடைசி பெஞ்சு டெரிக்.

மோகனா பெட்டியை வெளியே எடுத்தாள். சிவப்பு விளக்கு.

“என்னம்மா அது?” என்றார் மேடம்.

“கேஸ் வந்தா காட்டும் மேடம்.”

அவ்வளவுதான். பெஞ்சுகள் சாய்ந்தன. “எம்மா!” என்று ஒருத்தி அலறினாள். எல்லாரும் ஒரே கதவுக்குப் பாய்ந்ததில் ஜெனி என்ற பெண் கீழே விழ, அவள் காலை நாலு பேர் மிதித்தார்கள்.

அப்போதுதான் மோகனாவுக்கு டப்பா ஞாபகம் வந்தது.

“கேஸ் இல்ல! யாரும் ஓடாதீங்க!” தொண்டை கிழியக் கத்தினாள். “என் டப்பாவுல... கருவாடு. கருவாட்டுக்கும் இது கத்தும்.”

வகுப்பே வெடித்துச் சிரித்தது.

“அதான பாத்தேன்! அப்பத்லேர்ந்து இன்னாடா கலீஜா நாறுதேன்னு,” டெரிக் மூக்கைப் பொத்தினான். “கண்ணே எரியுது மாமே!”

“வாளையா நெத்திலியாடி?” என்றாள் முன் பெஞ்சு சினேகா.

ஜெனியின் முட்டியில் ரத்தம். அதைப் பார்த்ததும் மோகனாவுக்கு அழுகை முட்டியது. தலையைக் குனிந்துகொண்டு பெட்டியின் பேட்டரியைக் கழற்றிப் போட்டாள்.

மேடம் மீண்டும் பெயர்களைப் படித்தார். நடுநடுவே இருமினார். ஜெனி கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

“மேடம், தலை சுத்துது,” என்றாள்.

“ஏம்மா தாயே,” டெரிக் கையெடுத்துக் கும்பிட்டான். “அத்த வெளிய கடாசிட்டு வா. உனுக்கு புண்ணியமா பூடும்.”

“வெளிய வெச்சிட்டு வந்துடும்மா, ப்ளீஸ்,” என்றார் மேடமும், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி.

மோகனா டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கப் போக, அது கையோடு கழன்று வந்தது.

எலுமிச்சைச் சோறு. மேலே கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல். கருவாட்டின் ஒரு முள்கூட இல்லை.

அம்மாவின் தலைமேல் வைத்த அதே கையால் அவள் தகரத்தலையை எடுத்து மாட்டினாள். சிரிப்பு அப்படியே நிற்க, படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் முதல் ஆளாய்க் கதவைத் தாண்டி நடந்தாள்.