குறட்டைக்காரர்

"இவர் குறட்டை என் உயிரை வாங்குது டாக்டர்! தினமும் காலையில மண்டை பிளக்கிற மாதிரி தலைவலி. நேத்து கரும்பலகைல எழுதும்போதே கண்ணு சொக்கிடுச்சு. பிள்ளைங்க சிரிக்கிறாங்க!"

டீச்சர் பொரிந்து தள்ளினாள். பக்கத்தில் அமர்ந்திருந்த அவள் கணவர், "என் தப்புதான் டாக்டர்" என்றார்.

"பத்து வருஷமா இதே பல்லவி! வைத்தியம் பார்த்துக்க மட்டும் மனசு வராது!"

டாக்டர் இருவரையுமே தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த வாரம் முடிவுகள் வந்தன.

"அவருக்கு ஒண்ணுமில்லம்மா. குறட்டை விடுறது நீங்கதான். தூக்கத்துல மணிக்கு நாற்பது தடவை உங்க மூச்சு நின்னு நின்னு வருது. தலைவலி அதனாலதான். தூங்கும்போது முகத்துல மாட்டிக்க ஒரு மெஷின் தரேன், சரியாயிடும்."

டீச்சர் கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். பொம்பளை குறட்டை விடலாமான்னு உங்க அக்காவை எல்லாரும் கேலி பண்ணி அழவெச்சாங்களே. உனக்கும் அந்த அவமானம் வேண்டாம்னுதான் பழியை நான் ஏத்துக்கிட்டேன். உன் மூச்சு நின்னப்பல்லாம் உலுக்கி விட்டேனே..."

"நீங்க அசந்து தூங்கின ராத்திரி?"

அவர் அவள் கையைப் பிடிக்கப் போனார்.

"அவமானப்பட்டா ரெண்டு நாள் அழுதுட்டு எழுந்திருப்பேன். மூச்சு நின்னிருந்தா எழுந்திருப்பேனாய்யா?" என்று கத்தியவள், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.