இரைச்சலென்று நீக்கியது

பெரியவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நான் இல்லையே."

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பதிவு மெஷின் முன்னால் இருந்த ஜெரால்டு மைக்கை நோக்கிக் குனிந்தான். "என்ன தாத்தா?"

"நாயனம் இருக்கு. தவில் இருக்கு. தாளம்கூட டிங்கு டிங்குன்னு இருக்கு. நான் ஊதின ஒத்து எங்க?"

பழைய இசைத்தட்டு. நாயனத்துக்காரர் போய்ச் சேர்ந்தாயிற்று. தவில்காரரும் போய்விட்டார். நாயனத்துக்காரரின் மகன் தட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுத்தம் செய்து, புதிதாக வெளியிடுகிறார். அதில் வாசித்தவர்களில் மிச்சம் இருக்கும் ஒரே ஆள் என்று இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அட்டையில் போட போட்டோ வேண்டுமாம். ஒத்துக் குழலையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள்.

போட்டோ எடுத்தாகிவிட்டது.

ஜெரால்டு கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். மழுப்பவில்லை. தட்டு முழுக்கக் கரண்டு ரீங்காரம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மாதிரி ஓடுகிற சத்தம் எதுவானாலும் மெஷின் இரைச்சலென்று பிடித்துத் துடைத்துவிடும். ஒத்தின் ஒலியையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. திரும்ப வைத்தால் ரீங்காரமும் கூடவே வந்து உட்காரும்.

அவர் யோசித்தார். மெஷினைக் குற்றம் சொல்ல முடியாது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஊதுவதுதான் அவர் வேலை. நாயனத்துக்குப் பின்னால் நின்று, ஒரே சுருதியை, மூச்சு வாங்கும் இடம் வெளியே தெரியாமல், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. மூக்கால் இழுத்து, கன்னத்தில் அடைத்து, வாயால் விட்டு. சாமி ஊர்வலம் என்றால் நடந்துகொண்டே.

"இதுக்குப் போயி மூஞ்சிய தொங்கப் போடாதீங்க" என்றான் ஜெரால்டு. "ஒரு பத்து செகண்ட் ஊதுங்க போதும். காப்பி பண்ணி முழுசுக்கும் ஒட்டிர்றேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல."

"சரி, என்னதான் பண்ணணும்?"

"பாட்ட முதல்லேருந்து போடு. கூடவே வாரேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் குமுதவல்லி எழுந்துவிட்டாள்.

"அப்பா. வயித்துல குடல உள்ள தள்ளித் தையல் போட்டு இன்னும் வருஷம் திரும்பல. தண்ணிக் கொடம் தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாரா இல்லையா?"

"நான் எங்க கொடம் தூக்குறேன்?"

"இந்த வாய்க்கு மட்டும் ஒண்ணும் கொறச்சல் இல்ல."

 அவர் ஒத்தின் முனையில் செருகும் நாணல் சீவாளியை எடுத்து நாக்கடியில் வைத்து ஊறவைத்தார். முன்பல் இரண்டு இல்லை. உதடுதான் கவ்வ வேண்டும்.

 அவள் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்தாள். அவர் வேட்டிக்கு மேலே, தையல் போட்ட இடத்தை மூடி, சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"இறுக்குதா?"

"இன்னும் கொஞ்சம்."

ஏசியை அணைத்தார்கள். அதுவும் சத்தம்.

தட்டு ஓடிய வேகமோ என்னவோ, சுருதி ஒரு நூல் ஏறியிருந்தது. ஒத்தின் துளையில் அடைத்திருந்த மெழுகை நகத்தால் கொஞ்சம் சுரண்டினார். ஊதினார். மறுபடி சுரண்டினார். சேர்ந்தது.

ஜெரால்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுகொண்டார்.

ஹெட்போனில் நாயனம் எடுத்தது. இவர் அதற்கு முன்னாலேயே நின்றிருந்தார், அந்தச் சுருதியில்.

முதலில் கன்னம் வலித்தது. அப்புறம் காது அடைத்தது. வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையில்லை.

தவில் வேகம் பிடித்தது.

 பக்கத்தில் நாற்காலி இருந்தது. உட்காரவில்லை. அடிவயிற்றில் எதுவோ சுரீரென்று இழுத்தது. துண்டின் முடிச்சில் முழங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

ஓரிடத்தில் பல்லில்லாத பக்கமாகக் காற்று நழுவியது. சுருதி ஒரு கணம் இளைத்தது. உதட்டை மடக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்தார்.

ஜெரால்டு நிறுத்தட்டுமா என்று சைகை காட்டினான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டை முடிக்கும் தீர்மானம் வந்தது. தவில் கடைசி அடியை அடித்தது. நாயனம் இறங்கி ஓய்ந்தது.

ஹெட்போனில் ஒன்றும் இல்லை.

அவர் ஊதிக்கொண்டிருந்தார்.

ஜெரால்டு கட்டைவிரலை உயர்த்தினான். கையை ஆட்டினான். "தாத்தா, முடிஞ்சிருச்சு" என்றான் மைக்கில். அவர் கண்ணைத் திறந்தார். ஆனால் அவனைப் பார்க்கவில்லை. தனக்கு முன்னால் ஓரடி தள்ளி வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது கேக்கலியா அவருக்கு?" என்று ஜெரால்டு குமுதவல்லியைக் கேட்டான்.

"கேக்குது" என்றாள். "நாயனத்துக்காரரு திரும்பிப் பாத்துத் தலையாட்டணும். அப்பதான் ஒத்து நிக்கும். நாம சொன்னா நிக்காது."

துண்டில் வியர்வை ஊறியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. சத்தத்தில் மட்டும் பிசிறில்லை.

ஜெரால்டின் விரல் பதிவை நிறுத்தும் பட்டன்மேல் இருந்தது.

குமுதவல்லி செருப்பைக் கழற்றினாள். அப்பாவுக்கு முன்னால் போய், நாயனத்துக்காரர் நிற்கிற இடத்தில், ஓரடி தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

உடனே திரும்பவில்லை.