டாக்டர் வீட்டு அலமாரி

"வந்துட்டான் பாரு, பிணந்தின்னி!" என்று பல்லைக் கடித்தான் சிங்ஹாய்.

அவன் தங்கை யூஷியா திரும்பிப் பார்த்தாள். கல்லறைகளுக்கு நடுவே, பனிமூட்டத்துக்குள் டாக்டர் ஃபான் நின்றுகொண்டிருந்தார். எந்த வழியாக வந்தாரோ, காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மார்போடு ஒரு சிவப்புத் துணி மூட்டையை அணைத்திருந்தார்.

அவள் அண்ணன் பக்கமாக ஒதுங்கி நின்றாள்.

அப்பாவைப் புதைத்து ஏழெட்டு வருஷமாகிவிட்டது. ஊர் வழக்கப்படி நல்ல நாள் பார்த்துக் குழியைத் திறந்து, எலும்புகளைத் துடைத்து, ஜாடியில் வைத்து மூடிவிட்டால் பிள்ளைகளின் கடமை தீர்ந்தது. அதற்காக எலும்பு எடுக்கும் ஆதெங் குழிக்குள் இறங்கியிருந்தார். எலும்பில் வெளிச்சம் படக் கூடாது என்று சிங்ஹாய் மேலே கறுப்புக் குடை பிடித்திருந்தான், இடது கையால். வலது பக்கம் சட்டைக் கை காலியாகத் தொங்கியது.

சலவைக்கல் குவாரியை நம்பிப் பிழைக்கும் ஊர். பாறை விழுந்து நசுங்கிய அப்பாவின் காலை முழங்காலோடு எடுத்தவர் டாக்டர் ஃபான்தான். அப்புறம் அதே குவாரியில் சிங்ஹாயின் கை. எடுத்ததும் அதே டாக்டர்.

"எங்க குடும்பத்தையே துண்டு போட்டது போதாதா? இன்னும் என்ன மிச்சம்னு பார்க்க வந்தியா?" என்று கத்தினான் சிங்ஹாய்.

"மெதுவாண்ணா..." யூஷியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டர் நின்ற இடத்திலேயே நின்றார்.

வாலிபத்தில் தலைநகரிலிருந்து வந்து, இந்தக் கடலோர ஊரோடு தங்கிவிட்டவர். மாவுக்கட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைமேல் குடியிருப்புகளுக்கெல்லாம் நடந்தே போனவர். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. அதெல்லாம் ஊருக்கு மறந்துபோச்சு. அவர் வீட்டு அலமாரியைத் துடைக்கத் திறந்த வேலைக்காரி அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தாளே, அது மட்டும் மறக்கவில்லை. உள்ளே தட்டுத் தட்டாகச் சிவப்பு மூட்டைகளாம். ஒன்றைப் பிரித்தாளாம். உள்ளே மனுஷ எலும்பாம்.

அன்றிலிருந்து எலும்பு முறிந்தால் மட்டும் அவர் வாசலுக்குப் போவார்கள். கட்டுப் பிரித்ததும், அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். நன்றியுள்ள ஜனங்கள்!

"தம்பி, கீழேருந்து மேலேதான் வைக்கணும். ஆளு உக்காந்திருக்காப்புல. முதல்ல காலு" என்றார் ஆதெங் குழிக்குள்ளிருந்து. "வலது காலு முழுசா இருக்கு. இடது காலு தொடையோட சரி. என்ன செய்ய?"

"மரத்துல செதுக்கிக் கொண்டாந்திருக்கேன். வச்சு மூடுங்க."

யூஷியாவுக்கு அழுகை முட்டியது. "மூடிட்டா அவ்வளவுதானேண்ணா? அப்பா அங்கயும் மரக்கட்டையோடதான் நடக்கணுமா?"

"வேற என்ன செய்யச் சொல்ற? அந்தக் கால் எந்த நெருப்புல வெந்துச்சோ!"

மழை பெய்யும் நாளெல்லாம் அப்பா அவள் கனவில் வருவார். பேச மாட்டார். ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து வந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து எதையோ தேடுவார். அவள் பதறி எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் கேட்கும். டொக், டொக்.

இப்போதும் கேட்டது.

டொக். டொக்.

டாக்டர் குழியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். சத்தம் அவர் கையிலிருந்த மூட்டைக்குள்ளிருந்து வந்தது.

"கிட்ட வராதே!" என்றான் சிங்ஹாய்.

"வரட்டும் விடு தம்பி. நான்தான் வரச் சொன்னேன்" என்றார் ஆதெங்.

டாக்டர் குழியோரம் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே முழங்காலும் அதன் கீழுள்ள நீள எலும்புகளும், பாதத்தின் சின்னச் சின்ன எலும்புகளும் பளிச்சென்று துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

"மயக்கம் தெளிஞ்சதும் உங்கப்பா கேட்ட முதல் கேள்வி, 'என் கால் எங்கே?'ங்கறதுதாம்மா" என்றார் யூஷியாவிடம். "'பெத்தவங்க கொடுத்த உடம்பாச்சே டாக்டர், குறையோட போய் அவங்க முன்னால எப்படி நிப்பேன்'னு குழந்தை மாதிரி அழுதாரு. அன்னைக்கே ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன், இனிமே நான் வெட்டி எடுக்கற எதையும் எரிக்கக் கூடாதுன்னு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே டாக்டர்!"

"பிள்ளைங்க பயந்துக்கும், எலும்பு எடுக்கற அன்னைக்குக் கொடுத்தாப் போதும்னு உங்கப்பாதாம்மா சொன்னாரு."

ஆதெங் இரண்டு கையாலும் வாங்கினார். சிவப்பு நூலால் தொடையெலும்போடு சேர்த்துக் கட்டினார். அப்பாவின் இரண்டு கால்களும் ஜாடிக்குள் இறங்கின. செதுக்கிய மரக்கட்டை புல்லில் கிடந்தது.

யூஷியா விழுந்து கும்பிட்டாள். சிங்ஹாய் ஜாடியை மூடி முடிக்கும்வரை குடையைத் தாழ்த்தாமல் பிடித்திருந்தான்.

டாக்டர் காலி துணியை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

"டாக்டர்..." சிங்ஹாய் பின்னாலேயே இரண்டடி வந்தான். "அந்த அலமாரியில மிச்சம் இருக்கறதெல்லாம்?"

"எல்லாம் உயிரோட இருக்கறவங்களோடது. நான் முந்திக்கிட்டா என்ன ஆகறதுன்னு ஆதெங்கிட்ட ஒரு சாவி கொடுத்து வச்சிருக்கேன்."

சிங்ஹாயின் கையிலிருந்து குடை நழுவியது. காலியாகத் தொங்கிய வலது சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப, என்னோட..."

டாக்டர் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"மூணாவது தட்டுல பத்திரமா இருக்கு. ஒண்ணும் அவசரமில்ல, நீ மெதுவா வா!"